‘தாக் அப்பா’ என்று சொல்லிவிடாதீர்கள்!

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் காலை நேரப் பெர்ரியில் வந்திருக்கிறீர்களா? கரை சேர்ந்து பாலம் இறங்கியதும் மோட்டார் சைக்கிள்கள் பெரும் இரைச்சலோடு முதலில் பாய்ந்து வெளியேறும். அந்தப் புகை கொஞ்சம் அடங்கிய பிறகு, ஓரமாக, இரண்டு மூன்று சைக்கிள்கள் வரும். பின்னால் கேரியரில் சாப்பாட்டுப் பாத்திரம் கட்டியிருக்கும். துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலையில் அவை ஏறும் நேரத்தில் கார்களும் லோரிகளும் பஸ்களும் ஆளுக்கோர் அவசரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சைக்கிள்களில் ஒன்று எனக்குத் தெரிந்த ஒருவருடையது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா அவர். பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள். குடும்பத்தோடு பட்டர்வொர்த் பக்கம் குடியேறி, தீவில் ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டார். பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தபோதே அதில் சைக்கிளுக்கு இடமில்லை. 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்திலும் இல்லை. ஆகவே சைக்கிள்காரருக்கு 1894 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பெர்ரிதான் கதி. 2021 தொடக்கத்திலிருந்து பெர்ரியில் கார்களை ஏற்றுவதில்லை. கப்பலில் இருக்கும் வரை இரண்டு சக்கரத்துக்காரர்கள் ராஜாக்கள்தாம். கரை இறங்கிய பிறகுதான் கஷ்டம்.

ஒரு நாள் காலை அவர் இடப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறார். பின்னால் வந்த கார் ஒன்று அவரை முந்தி, உடனே இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. காரின் பின்புறம் தட்டி அவர் கீழே விழுந்தார். விழும்போது சைக்கிளின் ஹேண்டில் முனை இடது விலாவுக்குக் கீழே குத்தியது. முழங்கையில் தோல் உரிந்து இரத்தம். காரோட்டி நிறுத்தினார், இறங்கி வந்து தூக்கிவிட்டார், மன்னிப்புக் கேட்டார், ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்தார். நம்மவர் என்ன சொன்னார் தெரியுமா?

“தாக் அப்பா!”

சொல்லிவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தி, கோணிய ஹேண்டிலை முழங்காலுக்கு இடையில் வைத்து நேராக்கி, வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் சோறு இறங்கவில்லை. மாலைப் பெர்ரியில் குளிர்ந்த வியர்வை. இரவு ஒன்பது மணிக்குக் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருந்ததாம். அந்த இரவே அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி மலாயில் எழுதிய சில தாள்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார், படித்துச் சொல்லும்படி.

“கார் நம்பர் என்னங்கக்கா?” என்று கேட்டேன்.

“தெரியாது டீச்சர். வெள்ளைக் காருன்னு சொன்னாரு. நல்ல மனுசன்னும் சொன்னாரு.”

நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஓடிவிடாமல் நின்றாரே! ஆனால் அந்த நல்ல மனிதர் யார், எங்கே இருக்கிறார், அவருடைய காருக்குக் காப்புறுதி கொடுத்த நிறுவனம் எது என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் வக்கீல் அல்ல, டாக்டரும் அல்ல. கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகியவள். இருந்தாலும் அந்தத் தாள்களோடு அலைந்து நான் தெரிந்துகொண்டவற்றை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் சைக்கிளில்தானே போகிறார்கள்?

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லுகிறேன்.

விழுந்தவுடன் துள்ளி எழுந்து நிற்பது வெட்கத்தினால் வரும் பழக்கம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எழுந்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். நடுச்சாலையில் கிடந்து அடுத்த வண்டி ஏறிவிடும் ஆபத்து இருந்தால் ஓரத்துக்கு வரவேண்டியதுதான். இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் கிடந்தபடியே கைகால் அசைகிறதா, கழுத்து வலிக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்று ஒருவர் சொன்னால் அவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. நம் ஆட்கள் அன்பினால் செய்யும் காரியம் இது: கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, காப்பியோ சோடாவோ வாங்கிக் கொடுப்பார்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. ஆகவே ஒன்றும் கொடுக்காமல் 999-க்கு அழைத்துவிட்டுக் காத்திருங்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

தலையில் அடிபட்டவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். சில மணி நேரம் கழித்துத் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும், பேச்சு குழறும். மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கசிந்தால் இப்படித்தான், நடுவில் ஒரு நல்ல நேரம் வந்து நம்மை ஏமாற்றிவிடும். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வடிந்தாலும் ஆபத்துதான். “களைப்பாக இருக்கிறான், தூங்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள்.

வயிற்றில் ஹேண்டில் குத்துவதைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழும்போது ஹேண்டில் முனை திரும்பி வயிற்றில் குத்துவது சாதாரணமாக நடக்கிறது. வெளியே ஒரு காசு அளவு வட்டமாய்ச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் தைலம் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு முறிந்ததா இல்லையா என்று தெரியாமல் உருவி விடுகிறவரிடம் போவதும் இப்படிப்பட்ட தவறுதான்.

டாக்டரிடம் போனால் “கீழே விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, சைக்கிளில் போகும்போது கார் மோதியது” என்று சொல்லுங்கள். அவர் அன்றைக்கு எழுதி வைக்கும் குறிப்பு பின்னால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

சரி, காரைப் பற்றிப் பார்ப்போம்.

1896 மே 30-ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் குதிரையில்லா வண்டி ஒன்று ஒரு சைக்கிளில் மோதியது. சைக்கிளில் போனவருக்குக் கால் முறிந்தது. வண்டியை ஓட்டியவரைப் போலீசார் பிடித்து அடைத்து வைத்தார்கள். அமெரிக்காவில் பதிவான முதல் மோட்டார் விபத்துகளில் அது ஒன்று. மோட்டார் வண்டி பிறந்து வளர்ந்த காலத்திலேயே முதலில் அடிபட்டவர்களில் சைக்கிள்காரரும் இருந்திருக்கிறார் பாருங்கள்!

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அதன் 52-ஆவது பிரிவு சொல்லுவது இதுதான்: விபத்து நடந்தால் மோட்டார் வண்டியை ஓட்டியவர் நிற்க வேண்டும், கேட்டால் தன் பெயர், முகவரி, வண்டி விவரம் கொடுக்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே பெயரையும் நம்பரையும் கேட்பது சண்டை பிடிப்பதாகாது. காரோட்டி செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லுகிறோம், அவ்வளவே. மரியாதையாகக் கேளுங்கள்; ஆனால் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கார் நம்பர். நல்ல மனிதர்களும் மனம் மாறிப் போய்விடுவதுண்டு. கைப்பேசி இருந்தால் கார், நம்பர் தட்டு, சைக்கிள் விழுந்து கிடக்கும் இடம், சாலையின் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்குங்கள். முன்பெல்லாம் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சாலை வரி வில்லையைப் பார் என்பார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களில் அதை ஒட்ட வேண்டிய கட்டாயமில்லை. நம்பர் தட்டுதான் இப்போது நமக்குத் துணை. பார்த்தவர் யாராவது இருந்தால் அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். டீக்கடைக்காரரோ, லோரி அட்டெண்டனோ, யாராயிருந்தாலும் சாட்சி சாட்சிதான்.

லிட்டில் இந்தியா பக்கம் பினாங்கு தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் இன்னொரு வகை விபத்து நடக்கும். நின்றிருக்கும் காரின் கதவை உள்ளே இருப்பவர் படாரென்று திறப்பார். சைக்கிள்காரர் அதில் போய் மோதுவார். “நீதானே வந்து இடித்தாய்” என்று அவரே கோபித்துக்கொள்வார்! இதுவும் மோட்டார் வண்டியினால் வந்த விபத்துதான். இதே விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

சாலையோரத்தில் இரண்டு காரியங்கள் செய்யாதீர்கள். “என் மேல்தான் தப்பு” என்று சொல்லாதீர்கள். “உன் மேல்தான் தப்பு” என்று கத்தவும் வேண்டாம். யார் மேல் தப்பு என்பதை விசாரிப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, பணம் வாங்காதீர்கள். வாங்கி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஐம்பது வெள்ளி சைக்கிள் சக்கரத்தை நேராக்கப் போதும். மண்ணீரலுக்குப் போதாது. கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு வாய் திறப்பது கடினம்.

அடுத்தது போலீஸ் நிலையம். போலீசுக்குப் போனால் நம் மேலேயே சம்மன் வரும் என்று பயப்படுகிறவர்களை நான் அறிவேன். விளக்கில்லாமல் இருட்டில் போனதற்காகவோ எதிர்த்திசையில் போனதற்காகவோ கேள்வி வரத்தான் செய்யும். அதற்குப் பயந்து போகாமலிருந்தால் எல்லாம் போச்சு. அன்றைக்கே போங்கள். அடிபட்டவர் மருத்துவமனையில் கிடந்தால் வீட்டார் போகலாம். அவர் தேறிய பிறகு தம் வாக்குமூலத்தைக் கொடுக்கலாம். புகார் மலாயில்தான் எழுதப்படும். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று ஆகிவிடாமல், கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் பிள்ளையை அழைத்துப் போங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அதற்காகத்தானே நாங்கள் தொண்டை வற்றக் கத்துகிறோம்! புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். விசாரணை அதிகாரி இடத்தைப் பார்த்து வரைபடம் போடுவார், படம் எடுப்பார். வழக்கறிஞர் பிறகு கேட்பது இந்த வரைபடத்தையும் படங்களையும்தான். ஆகவே போலீசார் பார்க்கும் வரை சைக்கிளைப் பழுது பார்க்கக் கூடாது. கிழிந்த சட்டையையும் துவைத்துப் போட்டுவிடாதீர்கள்.

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அது சொக்சோ. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் வழக்கமான வழியில் போகும்போது நடக்கும் விபத்து வேலை விபத்தாகவே கணக்கிடப்படுகிறது. கார் யாருடையது என்று தெரியாவிட்டாலும் இது கிடைக்கும். தப்பு யார் மேல் என்ற கேள்வியும் இதில் இல்லை. டாக்டர் நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்புக் கொடுத்தால், கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருவார்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே அன்றைக்கே அவரிடமோ கிராணியாரிடமோ சொல்லிவிடுங்கள். ஒரு சங்கதி: வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல், சொந்த வேலையாக வேறு வழியில் திரும்பிப் போய் அங்கே அடிபட்டால் இது கிடைக்காமல் போகலாம். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசி, நேப்பாளத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களில் சைக்கிளில் போகிறவர்கள் அதிகம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

சொக்சோ கிடைத்தாலும் காரோட்டியிடம் நஷ்ட ஈடு கேட்கும் உரிமை போய்விடாது. எந்த மோட்டார் வண்டியும் மூன்றாம் நபர் காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓடக் கூடாது. நீங்கள்தான் அந்த மூன்றாம் நபர். காரோட்டி தம் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை; காப்புறுதி நிறுவனம் கொடுக்கும். “பாவம், அவரும் சம்பளக்காரர்தானே” என்று இரக்கப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காருக்குக் காப்புறுதியே இல்லையென்றாலும் கைவிட வேண்டாம்; அப்படிப்பட்டவர்களுக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு ஒன்று உண்டு. மோட்டார் விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம். காயத்துக்கு 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உயிர் போயிருந்தால் குடும்பத்தாருக்கு 3 ஆண்டுதான். துக்கத்தில் காலம் ஓடிவிடுகிறது, கவனம். அடிபடும் முன்பு என்ன சம்பாதித்தீர்கள் என்று காட்டினால்தான் இழந்த சம்பளத்தைக் கேட்க முடியும். ஆகவே சம்பளச் சீட்டைப் பொட்டலம் கட்டப் போட்டுவிடாதீர்கள்!

தப்பில் உங்களுக்கும் பங்கு இருந்தால் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இருட்டில் விளக்கில்லாமல் போனதற்காக 30 விழுக்காடு உங்கள் மேல் என்று நீதிபதி சொன்னால், 10,000 வெள்ளியில் 7,000 வெள்ளி கிடைக்கும். சின்ன விளக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரோட்டி மேல் போலீசார் வழக்குப் போடுவது வேறு, நஷ்ட ஈடு வேறு. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் சைக்கிளில் இருந்த 8 சிறுவர்கள் கார் மோதி இறந்தது நினைவிருக்கும். காரோட்டி மீதான வழக்கில் 2019-இலும் 2021-இலும் விடுதலை, 2022-இல் உயர்நீதிமன்றத்தில் தண்டனை, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி விடுதலை. ஆறு ஆண்டுகள்! அப்படிப்பட்ட வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் உங்கள் தவணை கடந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. மருத்துவமனைக் கட்டிலருகே பழச்சாறு டின்னோடு ஒருவர் வந்து, “நான் பார்த்துக்கொள்கிறேன், இதில் கையெழுத்துப் போடுங்கள், வரும் பணத்தில் இத்தனை பங்கு” என்பார். அவர் வக்கீல் அல்ல, தரகர். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசிக்கொண்டு வக்கீல் வழக்கு நடத்துவதே நம் நாட்டுச் சட்டத்தில் கூடாது. இப்படி ஆள் பிடிப்பதும் கூடாது. பழச்சாற்றை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். தாளைத் திருப்பிக் கொடுங்கள். பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது; அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது. முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

நம்மவர் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் முதலாளி முதலில், “வேலைக்கு வந்தாயே, நாள் முழுக்க வேலையும் செய்தாயே, சாலையில்தான் அடிபட்டாய் என்பதற்கு என்ன சாட்சி?” என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று காலை கிடங்கில் மேற்பார்வையாளப் பெண் ஒருவர், முழங்கையில் இரத்தத்தைப் பார்த்து மருந்து போட்டுவிட்டு, முதலுதவிப் பெட்டியோடு தொங்கும் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: நேரம், பெயர், ‘வரும் வழியில் கார் தட்டியது’. அந்த ஒரு வரியும், இரவில் மருத்துவமனையில் அவர் சொல்லி டாக்டர் எழுதிய குறிப்பும் சேர்ந்து சொக்சோ பணத்தைக் கொண்டுவந்தன. இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வெள்ளைக் கார் கிடைக்கவே இல்லை. எட்டாம் நாள் கொடுத்த புகாரில் நம்பர் என்ற இடம் காலியாக இருந்தது. போலீசார்தாம் என்ன செய்வார்கள்? பினாங்கில் வெள்ளைக் கார்களுக்கா பஞ்சம்?

அவர் இப்போது பழையபடி பெர்ரியில் சைக்கிளோடு வருகிறார். முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. சட்டைப் பையில் சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்திருக்கிறார். மகள் வாங்கிக் கொடுத்ததாம். போன மாதம் பார்த்தபோது, “எழுத இன்னும் வேலை வரலை டீச்சர்” என்றார்.